சலாபத்தில் களவு

வேலைக்கு அமர்த்திய ஆள் களவாடாதவாறு தடுப்பது எங்ஙனம் என்பது, கூலி கொடுப்போர் தோன்றிய நாள்தொட்டு இருந்துவரும் கவலையாகும். பொற்கொல்லரிடம் பொன்னை நிறுத்துக் கொடுத்து, நகையையும் சேதாரத்தையும் நிறுத்து வாங்கிவிடலாம். நெசவாளரிடம் நூலை நிறுத்துக் கொடுக்கலாம். நெற்கிடங்கில் மூட்டையை எண்ணிப் பூட்டலாம். கொடுத்தது இவ்வளவு, திரும்ப வந்தது இவ்வளவு என்னும் கணக்கே இத்தொழில்களில் காவலாக நிற்கின்றது. இக்கணக்கு முதலடியிலேயே உடைந்துபோகும் தொழில்களும் சில உண்டு. அவற்றுள் தலையாயது முத்துக்குளிப்பு.

சிப்பிக்குள் முத்து உண்டா, உண்டெனில் கடுகளவா கடலையளவா என்பதை, அது திறக்கப்படுமுன் அல்லாஹ் ஒருவனே அறிவான். திறந்தபின் முதலில் அறிபவன் வேலையாள். அவன் நாவின் கீழ் ஒதுக்கிக்கொண்டால், உடையவனுக்குத் தான் ஒரு பொருளை இழந்தோம் என்பதே தெரியவராது. இழந்தது இன்னதென்று சொல்லத் தெரியாதவன் எந்த நீதிமன்றத்தில் வழக்குரைப்பான்?

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம் நம் கடற்கரைக் குடும்பங்களுக்கு அந்நியமானதன்று. கீழக்கரையின் முஸ்லிம் குளியாளிகளும் தூத்துக்குடிப் பரதவரும் ஒரே பாரில் அருகருகே தோணி நிறுத்தி மூழ்கியவர்கள். மரக்காயர் பலர் தோணிக்கு உடையவராகவும், முத்து வணிகராகவும் சலாபத்திற்குச் சென்று வந்தவர்கள். எனவே, அங்கே களவு எவ்வாறு நடந்தது, அதைத் தடுக்க என்னென்ன செய்தனர், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை நாம் அறிந்துகொள்வதில் பயனுண்டு. அந்தக் களவுக் கதைகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் நம் கரையைச் சேர்ந்த ஏழைகளே என்பதும் ஒரு காரணம்.

மிகப் பழைய தகவல் கி.பி. முதலாம் நூற்றாண்டினது. செங்கடலிலிருந்து இந்தியக் கரைவரை வழி கூறும் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கப்பற்குறிப்பு, பாண்டியன் ஆட்சியிலிருந்த கொற்கை முத்துத்துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகின்றது. குற்றவாளியைச் சலாபத்தில் இறக்கிய அரசன், அவன் களவாடுவான் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக் காவல் வைத்திருப்பான். எனினும் தண்டிக்கப்பட்டுவிட்டவனை மேலும் எதைக் காட்டி அச்சுறுத்துவது? இம்முறை நெடுநாள் நீடித்ததாகத் தெரியவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஃபர் நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ வேறொரு ஏற்பாட்டைச் சொல்கின்றார். வணிகர் தம் செலவில் ஆட்களை அமர்த்தி முத்தெடுத்தனர். அரசனுக்குப் பத்தில் ஒன்று. சுறா மீன்களின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று. மூழ்கியவனுக்கு மாதக் கூலி. மந்திரம் சொன்னவனுக்குப் பங்கும், உயிரைப் பணயம் வைத்தவனுக்குக் கூலியும் என்னும் இக்கணக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

அடுத்த நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவைப் பற்றி எழுதிய இப்னு பதூதா, முத்தில் ஐந்திலொன்று சுல்தானுக்குச் சென்றதையும், எஞ்சியதை அங்கேயே தோணிகளில் காத்திருந்த வணிகர்கள் வாங்கியதையும் குறிக்கின்றார். அவ்வணிகருள் பெரும்பாலோர் குளியாளிகளுக்கு முன்பணம் கொடுத்த கடன்காரர்கள். ஆகவே குளியாளியின் முத்து அவன் கையில் தங்காமல் கடனுக்கே போயிற்று. அவரே 1344இல் இலங்கையின் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, அரசன் முன்னிலையிலேயே ஊழியர்கள் அமர்ந்து நல்ல முத்துக்களைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டார். சிப்பியோ கடலில்; அரசன் கண்ணோ அரண்மனையில். இடைப்பட்ட தூரத்தில் என்ன நடந்தது என்பதை அவர் எழுதவில்லை.

அதனை எழுதிவைத்தவர்கள் ஆங்கிலேயர். 1796இல் இலங்கையின் கரையோரம் டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. படை அதிகாரியாயிருந்த இராபர்ட் பெர்சிவல் என்பவர் 1803இலும், பாதிரியாராயிருந்த ஜேம்ஸ் கார்டினர் 1807இலும் வெளியிட்ட நூல்களில் சலாபத்தின் நடைமுறை விரிவாகக் காணப்படுகின்றது.

மாசி, பங்குனி மாதங்களில், தென்மேற்குக் காற்று எழுமுன், கடல் அமைதியாயிருக்கும் சில வாரங்களே சலாப காலம். அரிப்பு, கொண்டச்சி, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய வெறும் மணற்கரைகளில் ஓலைக்குடிசைகளால் ஒரு நகரமே எழும். நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் புறப்பட்டு விடியற்காலையில் பாரை அடையும். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு குளியாளி இறங்குவான். மேலே கயிறு பிடிப்பவன் காத்திருப்பான். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் தோணிகள் கரை திரும்பும்.

களவு அந்தத் திரும்பும் வழியில்தான் தொடங்கிற்று. நீரிலிருந்து எடுத்த சிப்பி சற்று நேரம் அசைக்காமல் கிடந்தால் தானாகவே வாய் திறக்கும். உள்ளே பெருமுத்து மின்னக் கண்டவன் ஒரு புல் துண்டையோ மெல்லிய மரத்துண்டையோ இதழ்களுக்கிடையே செருகிவிடுவான், சிப்பி மூடிக்கொள்ளாது. ஆள் பார்க்காத நேரத்தில் முத்தை எடுத்துக்கொள்வான். பெர்சிவல் கூறும் இச்செய்தி நம்பத்தக்கதே. ஏனெனில் உருண்டு திரண்ட நல்முத்து பெரும்பாலும் சிப்பியின் சதையிதழ் ஓரத்தில், எளிதில் நழுவி விழும் நிலையிலேயே இருக்கும். தசைக்குள் ஆழப் புதைந்து கிடப்பவை சிறியவையும் கோணல்மாணலானவையுமே. காவலர் கைக்கு வந்துசேருமுன் முதலில் மறையக்கூடியது ஆணிமுத்துத்தான்.

தோணி கரை சேர்ந்ததும் சிப்பி முழுவதும் ‘கொட்டு’ என்று வழங்கிய வேலி சூழ்ந்த அடைப்புக்குள் சுமந்து செல்லப்படும். இங்கேதான், என் கருத்தில், சலாபத்தின் நுட்பமான ஏற்பாடு நிகழ்ந்தது. குளியாளிக்குக் காசாகக் கூலி இல்லை, சிப்பியில் பங்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பங்கு நாலில் ஒன்றாக இருந்தது. பின்னர் மூன்றில் ஒன்றாயிற்று. பங்கிடுபவர் அதிகாரியல்லர். தோணிக்காரர் தாமே தம் சிப்பியை மூன்று சம குவியல்களாகப் பிரித்து வைப்பர். பிரித்து முடிந்தபின் அதிகாரி வந்து, தம் விருப்பப்படி இரண்டு குவியல்களைச் சுட்டி அவை அரசுக்கு என்பார். எஞ்சியது தோணிக்காருக்கு. எந்தக் குவியல் தமக்கு வருமென்று அறியாதவன் ஒன்றைப் பெரிதாகவும் மற்றொன்றைச் சிறிதாகவும் வைத்து என்ன பயன்? எண்ணுவதற்கு ஆளில்லாமல், அடிப்பதற்குக் கோலில்லாமல், குவியலைக் குறைத்து வைக்கும் வஞ்சனை அங்கே அற்றுப்போயிற்று. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் மரிச்சுக்கட்டிக் கொட்டில் கண்காணிப்பாளராக நின்று குவியலைச் சுட்டிக்காட்டியவர்களுள் ஓர் இளைஞர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்டு உல்ஃப். 1961இல் வெளிவந்த தம் நினைவு நூலில் இம்முறையை அவர் விவரித்துள்ளார்.

பங்கு பெற்ற குளியாளி கொட்டின் வாயிலைத் தாண்டியதும் கூட்டம் மொய்த்துக்கொள்ளும். ரூபாய்க்கு இத்தனை சிப்பி என்று அங்கேயே விற்றுவிடுவான். அரசோ தன் பங்கை அன்று மாலையே, திறக்காத சிப்பியாகவே, ஆயிரம் இன்ன விலை என்று ஏலத்தில் விட்டுவிடும். இதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். சிப்பி திறக்கப்படும்போது நடக்கும் களவு இனி அரசைச் சேராது. ஏலம் எடுத்த வணிகன் தலையில் விழும். களவைத் தடுக்கும் தொல்லையையே விலை பேசி விற்றுவிட்டனர் எனலாம்.

வணிகன் என்ன செய்தான்? சிப்பியை முள்வேலி அடைப்புக்குள் குவித்து ஏழெட்டு நாள் அழுகவிட்டான். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்க்கும். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத பயணி இல்லை. பின்பு ஒரே மரத்தில் குடைந்த வள்ளத்தில் சிப்பியைக் கொட்டிக் கடல்நீர் ஊற்றி அலசுவார்கள். பத்துப் பதினைந்து கூலியாட்கள் வள்ளத்தின் ஒரு பக்கத்தில் மட்டுமே அமரவேண்டும். எதிரே எவரும் இருக்கலாகாது. கண்காணிகள் முன்னே நிற்பர். அலசும் ஆள் கையை வாயருகே கொண்டுசென்றால் அடி விழும். முகத்தில் ஈ மொய்த்தாலும் கையைத் தூக்கலாகாது என்பதே இதன் பொருள். ஐயத்திற்குரியவனை அறையில் அடைத்து வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுப்பதும் உண்டு. பல தடவை முத்து வெளிப்பட்டது என்கிறார் பெர்சிவல். வெளிப்படாத தடவைகளில் அந்த ஆளுக்கு என்ன ஈடு கொடுத்தனர் என்பதை அவர் கூறவில்லை.

இத்தனை காவலையும் அக்கூலியாட்கள் வென்ற விதமும் அந்நூலிலேயே இருக்கின்றது. இருவர் முன்னரே பேசிவைத்துக்கொள்வர். ஒருவன் கையில் பெருமுத்து அகப்பட்டதும் மற்றவனுக்குச் சைகை காட்டுவான். மற்றவன் உடனே ஓர் அற்ப முத்தை எடுத்து, எல்லார் கண்ணிலும் படும்படியாகவே ஒளிக்க முயல்வான். கண்காணி பாய்ந்து பிடிப்பான், அடி விழும். அடி பட்டவன் ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஓலமிடுவான். அந்த ஆரவாரத்தில் முதலாமவன் பெருமுத்தை விழுங்கிவிடுவான். பின்னர் அடிபட்டவனுக்கும் அதில் பங்குண்டு. நூலாசிரியர் இதைக் கீழோரின் தந்திரத்திற்குச் சான்றாகவே எழுதியுள்ளார். எனக்கோ வேறொன்று தோன்றுகின்றது. வணிகன் தராத பங்கை இவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்டனர். அடி வாங்குபவன் தன் கூட்டாளி ஏமாற்றமாட்டான் என்று நம்பியே முதுகைக் கொடுத்திருக்கின்றான்!

களவை நியாயப்படுத்துவது என் நோக்கமன்று. கடலில் புல்லைச் செருகிய குளியாளியும் பங்காளிதானே, அவன் ஏன் எடுத்தான் என்று கேட்கலாம். சரியான கேள்வி. அவனுக்குக் கிடைத்த பங்கு சிப்பியில். முத்தின் விலையில் அன்று. மூன்றில் ஒரு குவியலுக்குச் சந்தை வாயிலில் கிடைக்கும் சில ரூபாயைக் காட்டிலும் கண்ணெதிரே மின்னும் ஒரே முத்து பன்மடங்கு பெறும். பங்குமுறை குவியலில் நடக்கும் வஞ்சனையைத் தடுத்தது. கண்ணில் பட்ட முத்தின் ஆசையைத் தடுக்க இயலவில்லை.

இங்கே ஃபிக்ஹு நூல்கள் செய்யும் ஒரு வேறுபாடு நினைவுக்கு வருகின்றது. காவலை மீறிப் பிறர் பொருளை மறைவாக எடுப்பது ஸரிக்கா. நம்பி ஒப்படைக்கப்பட்டதில் கை வைப்பது கியானத். இரண்டும் பாவமே, ஆயினும் சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல. தனக்கும் பங்குள்ள பொதுப்பொருளில் பங்காளி எடுத்தால், அவன் பங்கு எவ்வளவு சிறிதாயிருந்தாலும், களவுக்குரிய ஹத்து இல்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுப்பெற்ற கருத்து. நம் கரையின் குளியாளிகளுள் பெரும்பாலோர் அந்த மத்ஹபினர். குவியல் பிரிக்கப்படுமுன் தோணியிலிருந்த சிப்பிக்கு அவர்களும் உடையவர்களே. ஆங்கிலேயர் எழுதிய ‘திருடன்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் பங்காளியின் கியானத்தும், கூலியாளின் களவும், பட்டினியின் துணிவும் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. சலாபத்தைப் பற்றி எஞ்சியிருக்கும் நூல்கள் யாவும் கண்காணித்தவர்கள் எழுதியவை. கண்காணிக்கப்பட்டவன் எழுதிய ஒரு நூலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பாரசீக வளைகுடாவில் வேறொரு முறை வளர்ந்திருந்தது. அங்கே எல்லாரும் எடுத்த சிப்பியும் ஒன்றாகக் கொட்டப்படும். இன்ன சிப்பி இன்னார் எடுத்தது என்னும் அடையாளம் இராது. மறுநாட் காலையில் தோணியிலேயே நகுதாவின் கண்ணெதிரே அனைவரும் சூழ்ந்தமர்ந்து திறப்பர். பங்கு, முத்து விற்ற பணத்தில். ஒருவன் ஒளித்தால் அருகிலிருப்பவன் பங்கும் குறையும். ஆகவே ஒவ்வொருவனும் மற்றவனுக்குக் காவல். மன்னார் முறையைக் காட்டிலும் இது சிறந்ததென்றே முதற்பார்வையில் தோன்றும்.

ஆனால் களவு அங்கே கடலைவிட்டுக் கணக்கேட்டுக்குள் புகுந்துகொண்டது. முத்து எந்த விலைக்குப் போயிற்று என்பது நகுதாவுக்கும் வணிகனுக்குமே தெரியும். பருவத்திற்கு முன் வாங்கிய ‘ஸலஃப்’ என்னும் முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பதும் அவர்கள் ஏட்டில்தான். எழுதப் படிக்க அறியாத குளியாளி ஆண்டுதோறும் கடனிலேயே மிஞ்சினான். தந்தை இறந்தால் கடன் மகன்மீது ஏறிய கொடுமையும் உண்டு. 1920களில் பஹ்ரைனில் செய்யப்பட்ட சீர்திருத்தங்களுள் தலையாயது, ஒவ்வொரு குளியாளிக்கும் அவன் கணக்கைக் காட்டும் தனிப் புத்தகம் அவன் கையிலேயே கொடுக்கப்படவேண்டும் என்பதாகும். நகுதாக்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. குளியாளிகளுக்கும் ஐயம் இருந்தது. முன்பணத்திற்கு வரம்பு கட்டியதை அவர்கள் விரும்பவில்லை. உலகச் சந்தையில் முத்தின் விலை வீழ்ந்திருந்த 1932இல் பஹ்ரைனில் குளியாளிகளின் கலகமே மூண்டது. வேலையிடத்துக் களவைப் பற்றிப் பேசுவோர் வேலையாளின் மடியை மட்டும் சோதித்து நின்றுவிடுவதுண்டு. பஹ்ரைனில் ஒருமுறையேனும் முதலாளியின் ஏடும் சோதனைக்கு வந்தது.

மீண்டும் மன்னாருக்கு வருவோம். 1905ஆம் ஆண்டுச் சலாபம் வரலாறு காணாதது. ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் கரையேறின. இலங்கை அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வந்தது. நம் கரையினரோடு பாரசீக வளைகுடாவின் அரபுக் குளியாளிகளும் நூற்றுக்கணக்கில் வந்திருந்தனர். இவ்வெற்றியைக் கண்டு 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் குத்தகைக்கு, இலண்டனில் அமைந்த ஒரு நிறுவனத்திடம் சலாபம் ஒப்படைக்கப்பட்டது. 1907க்குப் பின் பார்களில் எடுக்கத்தக்க சிப்பி இல்லை. நிறுவனம் சில ஆண்டுகளில் கலைந்தது. 1925 வரையில் இலங்கைக் கரையில் சலாபமே நடக்கவில்லை. கூலியாளின் வாயைத் திறந்து பார்த்த கண்காணிகள் ஒருவரும் அளவின்றிப் பாரை வாரியவர்களைச் சோதிக்கும் பணியில் அமர்த்தப்படவில்லை. கடலின் மாறுதல்களும் சிப்பி அற்றுப்போனதற்குக் காரணமென அறிஞர் கூறுவர், அதுவும் மெய்யே. தூத்துக்குடிப் பக்கம் 1955 தொட்டு 1961 வரை நடந்த சலாபங்களே தமிழகக் கரையின் கடைசிச் சலாபங்கள். அதற்குள் ஜப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்திருந்தது.

பெர்சிவல் தரும் இன்னொரு செய்தி உண்டு. சலாபம் கலைந்து, வணிகரும் காவலரும் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு போனபின், ஏழை மக்கள் அந்த மணலில் வந்து அமர்வார்கள். வள்ளத்திலிருந்து தெறித்தும் அழுகிய சதையோடு கொட்டப்பட்டும் மணலில் கலந்த முத்து ஏதேனும் கிடைக்குமா என்று பிடிபிடியாக அள்ளிச் சலிப்பார்கள். 1797ஆம் ஆண்டில் அவ்வாறு சலித்துக்கொண்டிருந்த, மிகக் கடைநிலையைச் சேர்ந்த ஒருவன் கையில் ஒரு முத்து கிடைத்தது. அந்தப் பருவம் முழுவதிலும் அதைக் காட்டிலும் விலையுயர்ந்த முத்தை எவரும் கண்டதில்லை. அவன் அதை ஒளிக்கவில்லை. அம்மாவட்டத்தின் கலெக்டராயிருந்த ஆண்ட்ரூஸ் என்பவரிடமே பெருந்தொகைக்கு விற்றான். அவனுடைய பெயரைப் பெர்சிவல் குறிக்கவில்லை.